மூலைக்கடை மாவு மில்

உள்ளறையில் பெல்ட் தப்தப்பென்று அடிக்கும் சத்தம் கேட்டது. முன்பக்க பெஞ்சில் கோதுமை டின்னோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது பழகிப்போன சத்தம்தான். பெல்ட் வழுக்க ஆரம்பித்தால் அப்படி அடிக்கும். செல்லம்மா மெழுகுக் கட்டியை எடுத்து, ஓடுகிற பெல்ட்டின் மேலேயே அழுத்தித் தேய்ப்பாள். சத்தம் அடங்கி, மெஷின் பழையபடி உறுமத் தொடங்கும்.

"மோட்டாரை நிறுத்திட்டுத் தேயின்னு இவளுக்கு எத்தனை வாட்டி சொல்றது," என்றாள் தெய்வநாயகி. பக்கத்துக் கடை ஃபேன்சி ஸ்டோர் அவளுடையது. கடையைத் திறந்துபோட்டுவிட்டு, முறுக்குக்கு அரிசி அரைக்க வந்து என் அருகில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. "நிறுத்துனா மறுபடி ஓட்டம் புடிக்க நேரமாவும்க்கா. தீவாளி கும்பலு வாசல் வரிக்கும் நின்னுகினு கீது. நீ போயி உன் ஸ்டிக்கர் பொட்டப் பாரு. எவளாச்சும் அள்ளிகினு போயிடப் போறா."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தப்தப் சத்தம் நின்றது. ஆனால் மெஷின் உறுமவில்லை. மோட்டார் மட்டும் விர்ரென்று வெறுமனே சுற்றியது.

"அக்கா," என்று கூப்பிட்டாள் செல்லம்மா. கத்தவில்லை. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்பவளைப்போல் கூப்பிட்டாள்.

மறுபக்கத்து கேசட் கடை ஜோயல்தான் முதலில் ஓடி வந்தான். மெயின் சுவிட்சைத் தட்டினான். உள்ளறைக்குள் ஒரு கால் வைத்தவன் அப்படியே திரும்பி, யாரும் வராதபடி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வாசலில் நின்றான். அந்தக் கைகளுக்கு நடுவே நான் பார்த்துவிட்டேன். அரைத்துக் கொட்டியிருந்த மாவு வெள்ளையாக இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அது 1999ஆம் வருடத்து ஐப்பசி. செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் செல்லம்மாவின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

எங்கள் நகரியத்தில் வாழ்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே ஆரம்பித்தாலும் அந்த ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் வந்துதான் நிற்பார்கள். சேலத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேலைக்காக வந்து, ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்களில் ஒரே மாதிரி பச்சைக் கதவுகளுக்குப் பின்னால் குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். உறவு என்று சொல்ல அக்கம்பக்கத்தில் யாரும் கிடையாது. மாலையானால் எல்லோருக்கும் போக்கிடம் அந்த 'ப' வடிவக் கட்டிடம்தான். நுழைந்ததும் திருவேங்கடத்தின் பேப்பர் கடை. தொடர்கதை வரும் வாரப் பத்திரிகைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார். நின்றபடியே ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு நகர்ந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். "முடிச்சிட்டீங்களா மேடம், அவ செத்தாளா பொழச்சாளா?" என்று மட்டும் கேட்பார். அடுத்தது பேக்கரி. சாயங்காலம் பன் வேகும் வாசனையும் கடற்காற்றின் உப்பும் கலந்து வரும். அதைத் தாண்டினால் ஜோயலின் கடை. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிவு செய்து தருவான். காதலிப்பவர்கள் எந்தப் பாட்டை முதலில் போடச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே யார் யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிடுவான். கோடியில் தெய்வநாயகியின் ரிப்பன், வளையல், ஹேர்பின். ஜோயல் கடைக்கும் அதற்கும் நடுவில், கட்டிடம் மடங்குகிற மூலையில், செல்லம்மாவின் மாவு மில்.

செல்லம்மா படாளம் பக்கத்துப் பெண். பரம்பரையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். கணவன் ராமதாஸ் கரும்பு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்தபோது, மகள் ஜெனிட்டாவுக்கு ஆறு வயது. ஆதரவற்ற பெண்களுக்கென்று நகரிய நிர்வாகம் காம்ப்ளெக்ஸில் ஒதுக்கியிருந்த ஒரே கடை எப்படியோ அவளுக்குக் கிடைத்தது. கொடுக்கும்போதே நிபந்தனையைப் படித்துக் காட்டினார்கள். கடை யார் பெயரில் இருக்கிறதோ அவரே நின்று நடத்த வேண்டும். ஆள் வைத்து நடத்தினாலும், நடத்த முடியாமல் போனாலும் கடை திரும்பிப் போய்விடும்.

அந்த மில்லுக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. காலையில் முதல் அரவை கைக்குழந்தைகளின் சத்துமாவு. மெஷின் குளிர்ந்திருக்கும்போது அரைத்தால்தான் மாவு கருகாது என்பாள். பிறகு அரிசி, பிறகு கோதுமை. மிளகாய் நாலு மணிக்கு மேல்தான். மிளகாய் ஓடும்போது வரிசையிலுள்ள கடைகள் எல்லாம் தும்மும். "ஏன்கா, என் கடைக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் கண்ணு செவந்து போவுது. நான் அழ வெச்சேன்னு ஊர்ல பேசிக்கிறாங்க," என்பான் ஜோயல்.

"உன் மூஞ்சியப் பாத்து அழுவறதுக்கு என் மொளகா எதுக்குடா?" என்பாள் செல்லம்மா.

மிளகாய் முடிந்ததும் இரண்டு கை அரிசியைப் போட்டு ஓட்டி மெஷினைச் சுத்தம் செய்வாள். லேசாகச் சிவந்து விழும் அந்த மாவை யாருக்கும் கொடுக்க முடியாது. அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாள். ஜெனிட்டா வளர்ந்தது அந்த மாவில்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு நாள் வெள்ளைப் புட்டு கொடுத்தபோது அந்தக் குழந்தை, "இதுல காரம் போடலியா ஆன்ட்டி?" என்று கேட்டது.

பள்ளி விட்டு வரும் ஜெனிட்டா முன்பக்க பெஞ்சில் உட்கார்ந்து படிப்பாள். டின்களை எடுத்து வைப்பாள், மூடி போடுவாள். உள்ளறைக்குள் மட்டும் போகக் கூடாது. ஒருமுறை பந்து உருண்டு போனதென்று எட்டிப் பார்த்ததற்கு, எங்கள் எல்லோர் முன்னாலும் செல்லம்மா அவளை அடித்தாள். "என் பொண்ணு ஆஸ்பத்திரில வெள்ள டிரெஸ் போட்டுகினு நிக்கணும். இந்த வெள்ள வாணாம்," என்று தன் மேலெல்லாம் படிந்த மாவைக் காட்டிச் சொன்னாள். அவள் ஆயுளில் கேட்டது அது ஒன்றுதான்.

கை போன பிறகு அதே ஆசைக்காகத்தான் அவள் திரும்பி வந்தாள். கட்டுப் பிரிப்பதற்கு முன்பே வந்து முன்பக்க ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். வலது கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். ஜெனிட்டா பதினொன்றாம் வகுப்பு. நர்ஸிங் முடிக்கும் வரை கடை ஓட வேண்டும். நடத்த முடியாதவள் என்று தெரிந்தால் கடை போய்விடும்.

காம்ப்ளெக்ஸே சேர்ந்து அந்தக் கையை மறைத்தது.

யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஜோயல் தன் கடையில் பாட்டை ஓடவிட்டுவிட்டு வந்து மெஷினைப் பார்த்துக்கொண்டான். மெழுகு தேய்க்க மோட்டாரை நிறுத்தினான். தெய்வநாயகி எடை போட்டாள். நாங்கள் எங்கள் தானியத்தை நாங்களே கொட்டி, நாங்களே அள்ளிக்கொண்டோம். எங்கள் கணவன்மார் அந்த நிர்வாகத்தின் அலுவலகங்களில்தான் வேலை பார்த்தார்கள். எந்த வீட்டிலிருந்தும் ஒரு சொல் வெளியே போகவில்லை. கடைகளைப் பார்வையிட அதிகாரி வரும்போது வாசலிலிருந்து திருவேங்கடம், "மாலை பேப்பர் வந்திருச்சு," என்று குரல் கொடுப்பார். காலை பத்து மணிக்கு மாலை பேப்பர் எப்படி வரும் என்று எந்த அதிகாரியும் யோசிக்கவில்லை. அந்தக் குரல் கேட்டதும் ஜோயல் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளனாகிவிடுவான்.

2001இல் கோதண்டராமன் என்று புது அதிகாரி வந்தார். பல கடைகள் உள்வாடகைக்குப் போயிருப்பதாகப் புகார் வந்திருந்ததால் அடிக்கடி வருவார். "ஏம்ப்பா, எப்ப வந்தாலும் மாவு மில்லுலயே நிக்கிறே. உங்க வீட்ல எத்தனை பேரு?" என்று ஒருநாள் ஜோயலைக் கேட்டார்.

"நானும் எங்கம்மாவும்தான் சார். எங்கம்மாவுக்குச் சப்பாத்தின்னா உசுரு," என்றான் அவன்.

கெட்ட மனிதர் இல்லை கோதண்டராமன். அவர் வீட்டுக் கோதுமையும் அந்த மில்லில்தான் அரைந்தது. பியூன் கொண்டுவந்து பியூன் எடுத்துப் போவான்.

அந்த வருடம் ஜெனிட்டாவுக்குச் செங்கல்பட்டில் நர்ஸிங் இடம் கிடைத்தது. முதல் நாள் யூனிஃபார்மோடு காம்ப்ளெக்ஸுக்கு வந்து ஒவ்வொரு கடையாக நின்று காட்டிவிட்டுப் போனாள். பேக்கரிக்காரர் எல்லோருக்கும் பன் கொடுத்தார். செல்லம்மா மகளின் காலரை இடது கையால் சரி செய்துகொண்டே இருந்தாள். சரியாகத்தான் இருந்தது அது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

காம்ப்ளெக்ஸில் ஆயுத பூஜை என்றால் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் படைத்து, அதிகாரியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடைப் பொரி, சுண்டல், வாழைப்பழத்தைத் தட்டில் வைத்து அவருக்குக் கொடுப்பது வழக்கம். செல்லம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் மெஷினுக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, பெல்ட்டுக்குச் சாமந்தி மாலை போடுவாள். "சர்ச்சுக்குப் போறவளுக்கு இது என்னடி?" என்று தெய்வநாயகி சீண்டுவாள். "நான்தான் சர்ச்சுக்குப் போறன். மெஷினு போவலியே," என்பாள் இவள்.

முந்தைய வருடம் செல்லம்மாவின் தட்டைத் தெய்வநாயகி எடுத்துக் கொடுத்துச் சமாளித்துவிட்டாள். இந்த வருடமும் அவள்தான் தட்டோடு முன்னால் வந்தாள். கோதண்டராமன் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க கடைத் தட்டை வாங்கியாச்சேம்மா. இவங்க மெஷினுக்குப் பண்ண பூஜை, இவங்க கையால குடுக்கட்டும்."

சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. மரியாதைக்குத்தான் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டு செல்லம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

தெய்வநாயகி தட்டை ஸ்டூல் மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பொரி சிதறியது. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தோம். ஜோயல் செல்லம்மாவின் காதருகே குனிந்து, "எடது கைல குடுத்துடுக்கா. அவுரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. பேஜார் பண்ணிக்காத," என்றான்.

செல்லம்மா இடது கையால் தட்டை எடுத்தாள். நீட்டினாள். பாதி தூரம் போன தட்டு நின்றது. ஏந்தியிருந்த அந்த இரண்டு கைகளை அவள் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, அந்த மொட்டையான நுனியைத் தட்டுக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

கோதண்டராமன் வாங்கிக்கொண்டார். ஒரு சிட்டிகைப் பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதை மெல்லாமல் அப்படியே நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, மற்ற கடைகளுக்குப் போகாமலே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் தெய்வநாயகி அழ ஆரம்பித்தாள். "ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் மரியாதையை மறந்திருந்தா என்னடி? ரெண்டு வருஷம் பொத்திப் பொத்தி வச்சோமே."

"நல்ல நாளும் அதுவுமா, சாமிக்குப் படைச்சத எடது கைல எப்டிக்கா குடுக்கறது?" என்றாள் செல்லம்மா. "அவுரு கோயில்ல நிக்கற மாரி நின்னுகினு கீறாரு. எனுக்குக் கை வர்ல."

அந்த வாரமே கடையை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இதுவரை போலவே கூட நின்று கடையை நடத்தித் தருகிறோம் என்று காம்ப்ளெக்ஸ் முழுக்கக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். இத்தனை நாள் ஆள் வைத்து நடத்தியதை நாங்களே எழுதி ஒப்புக்கொண்டது போலாயிற்று அது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து, 2008இல், கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்க நின்றேன். மாத்திரையை எண்ணிக் கவரில் போட்ட பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி," என்றாள். ஜெனிட்டா. நர்ஸிங் முதல் வருடத்தோடு நின்றுபோனதாம். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்த, கறுத்த, முழுசான இரண்டு கைகள்.

நோட்டீஸின் கெடு முடிவதற்கு முதல் நாள் மாலை கோதண்டராமன் புதுப்பட்டினத்தில் அவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாராம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. நடுவில் ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் சமையல். ஜெனிட்டா அடுப்படியில் இருந்தாள். செல்லம்மா அவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

"நான் எழுதின சட்டம் இல்லம்மா இது," என்று ஆரம்பித்தார் அவர். "பாத்துட்டு, பாக்காத மாதிரி என்னால இருக்க முடியல. நாளைக்கு வேற எவனாவது எழுதிப் போட்டா என் வேலை போயிடும். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க."

"தெரியும் சார். நீங்க இன்னா பண்ணுவீங்க."

"ஒரு வழி இருக்கு. மேல பேசிட்டேன். உன் பொண்ணுக்குப் பதினெட்டு ஆகப்போகுதில்ல? வாரிசுன்னு அவ பேருக்கு மாத்திடலாம். நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வந்து விண்ணப்பம் குடு. போதும்."

"அவ பேரு இருந்தா போதுமா சார்? ஜோயலு ஓட்டலாமா?"

"அதான் முடியாதுன்னு ஆயிடுச்சே. இனிமே மாசாமாசம் வந்து பாப்பாங்க. அவதான் நிக்கணும்."

"அப்போ காலேஜு?"

"ரெண்டும் எப்படிம்மா நடக்கும்?"

"அந்த உள்ரூமுக்கு அவள இதுவரிக்கும் வுட்டதில்ல சார்."

"ஜாக்கிரதையா நடத்தினா ஒண்ணும் ஆகாது."

"நானும் ஜாக்கிரதயாத்தான் நடத்துனன்."

அவர் தலை குனிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடை இல்லன்னா காலேஜ் ஃபீஸுக்கு எங்க போவே? அதையும் யோசி. உனக்கு வேற வேலை யார் குடுப்பா?" என்றார்.

"தெர்ல சார்."

"தெரியாம வேணாம்னு சொல்லாதம்மா."

"தெரிஞ்சது ஒண்ணுதான் சார். அவ அந்த மெஷினு முன்னால நிக்கக் கூடாது. படிச்சா படிக்கட்டும், படிக்காட்டி போவட்டும். கையோட இருக்கட்டும்."

சேலை மறைப்பு விலகியது. ஜெனிட்டா வந்து நின்றாள். "நான் நிக்கிறேன் சார். நாளைக்கே வந்து கையெழுத்துப் போடறேன். ஒரு வருஷம் ஓட்டிட்டு அப்புறம்கூடப் படிச்சிக்கலாம்."

கோதண்டராமன் செல்லம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததாக ஜெனிட்டா சொன்னாள்.

"கொழந்த ஏதோ ஒளறுது," என்றாள் செல்லம்மா. "உங்க காதுல வுழுல சார்."

"அம்மா, என் படிப்பும்மா. நான் சொல்லக் கூடாதா?"

"உள்ள போடி. கொழம்பு கொதிக்குது."

"கொதிக்கட்டும். நீ பிச்சை எடுத்துப் படிக்க வைப்பியா?"

"எடுக்கறன். ஒரு கை போதும் அதுக்கு."

கோதண்டராமன் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ்லதான் இருப்பேன்," என்று பொதுவாகச் சொன்னார்.

"காத்துகினு இருக்காதீங்க சார். காலீல வந்து சாவிய நானே குடுத்துர்றன்."

அவர் படியிறங்கிச் சந்துக்குள் நடந்தார். ஜெனிட்டா அவர் பின்னால் ஓடப் பார்த்தாள். செல்லம்மா குறுக்கே வந்து கதவைத் தோளால் தள்ளினாள். உப்புக்காற்றில் துருப்பிடித்த தாழ்ப்பாள் இடது கைக்கு அசையவில்லை. வலது கையின் நுனியால் அதை முட்டி முட்டித் தள்ளினாள். சந்தில் செருப்புச் சத்தம் தேய்ந்து போகும்வரை தள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தாழ்ப்பாள் விழுந்தது.